ஸ்டிக்கர் ஒட்டித் தரவாண்ணே?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. இன்னைக்கு எழுதியே தீர்றதுன்னு உக்காந்தாச்சு. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். ஒத்துக்காதவங்க இங்கேயே இறங்கிக்கலாம் :-)

போன மாசம் ஒரு கல்யாண ரிசப்ஷன். எங்க அவனியாபுரம் பைபாஸ் பக்கம் இருக்கற ஒரு மஹால். மெல்லிசைக் குழுவுல வழக்கமா பேஸ் கிடார் வாசிக்கிறவருக்கு உடம்பு சரியில்லைன்னு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. (பகல்ல கணக்கு எழுதுற வேலை, ராத்திரி எப்பவாவது பேஸ். அடியேன் ஜாதகம் அவ்வளவுதான்.) பையைத் திறந்து கிடாரை வெளியே எடுக்கிறேன். குழுவுக்குப் புதுசா வந்திருந்த கீபோர்டு தம்பி கிட்டக்க வந்து அதோட தலையை, அதாவது கம்பி முறுக்குற இடத்தை, உத்து உத்துப் பார்த்தார். பெரிய கம்பெனி கிடார்னா அங்கேதான் பேர் இருக்கும். என்னுடையதில் ஒண்ணும் இருக்காது. வெறும் மரம்.

"என்ன பிராண்டுண்ணே?"

"பிராண்டு இல்ல தம்பி. கையால செஞ்சது. ஒருத்தர் எனக்காகச் செஞ்சு குடுத்தாரு."

"ஓ... லோக்கலா?"

அந்த "லோக்கலா"வுல குரல் இறங்கிச்சு பாருங்க, மேல் ஸ்தாயியில இருந்து நேரா கீழ் ஸட்ஜத்துல வந்து விழுந்த மாதிரி. அதோட விட்டாரா? "ஒரு நல்ல பேரா ஒட்டிருவோம்ண்ணே. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் நமக்குத் தெரிஞ்ச ஸ்டிக்கர் கடை இருக்கு. நூத்தம்பது ரூவா. பாக்குறவனுக்கு ஒரு மரியாதை இருக்கும்ல?"

தம்பி மேல கோவம் இல்லை. நல்ல பையன். கைவிரல் சுத்தம். எனக்கு உபகாரம் பண்றதா நினைச்சுத்தான் சொன்னார். என் கோவமெல்லாம் அந்த "மரியாதை" மேலதான். நூத்தம்பது ரூவா ஸ்டிக்கர்ல வர்ற மரியாதை, ஒரு மனுஷன் பதினாலு மாசம் உக்காந்து இழைச்ச வேலைக்கு ஏன் வர மாட்டேங்குது?

இதைத் தம்பிகிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்த பெரிய மனுஷங்க இருக்காங்க. அவங்களைத்தான் கேக்கணும்.

சென்னையில எனக்கு ஒரு நண்பர். மதுரைக்காரர்தான், ஐ.டி.யில் போய் நல்லா இருக்கார். பேஸ் பைத்தியம். அவரிடம் அமெரிக்காவில் ஒரு சின்னப் பட்டறையில் கையால் செய்த ஐந்து கம்பி பேஸ் ஒன்று இருக்கிறது. விலையைச் சொன்னா நல்ல நிலைமையில இருக்கற செகண்ட் ஹாண்ட் கார் ஞாபகம் வரும். ஆர்டர் கொடுத்துவிட்டு ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தார். அந்த ஒரு வருஷமும் மனுஷன் முகத்துல ஒரு பூரிப்பு. "சும்மாவா மாப்ள, மரம் காயணும், ஆள் அளவு பாத்து கழுத்தைச் செதுக்கணும், அவசரப்படுத்தக் கூடாது" என்று எனக்கு பாடம் எடுப்பார். இதுக்குப் பேரு "பூட்டிக் பேஸ்" என்றும் அவர்தான் சொல்லித் தந்தார். நம்ம ஊர்ல பூட்டிக்னா ஜாக்கெட் தைக்கிற கடை. அங்கே, சின்னப் பட்டறையில், கொஞ்சம் எண்ணிக்கையில், வாசிப்பவன் கைக்கு ஏத்த மாதிரி செய்யும் வாத்தியம்.

இதே நண்பர் மகளுக்கு வீணை வாங்க தஞ்சாவூர் போனார். நானும் துணைக்குப் போயிருந்தேன். ஏகாண்ட வீணை. குடமும் தண்டியும் ஒட்டுப் போடாமல் ஒரே பலா மரத்தில் குடைந்து எடுப்பது. ஆசாரி விலை சொன்னார். நண்பர் ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு பாதி விலையிலிருந்து ஆரம்பிச்சார். "எல்லாம் மரம்தானே?" என்று ஒரு கேள்வி. "அடுத்த வெள்ளிக்கிழமை கெடச்சிருமா?" என்று இன்னொரு கேள்வி. மரம் காயணும் சார் என்று அந்தப் பெரியவர் சொன்னபோது, இவர் என்னைப் பார்த்துக் கண்ணடிச்சார். நான் தரையைப் பார்த்தேன்.

ஐயா, அமெரிக்காவுல காய்ஞ்சா அது கலை, தஞ்சாவூர்ல காய்ஞ்சா அது சாக்கா?

நெக் த்ரூ என்று ஒரு வகை பேஸ் உண்டு. கழுத்து மரம் தலையில் இருந்து வால் வரை ஒரே ஓட்டமாக ஓடும், உடம்பின் இரண்டு பக்கமும் மட்டும் ஒட்டியிருக்கும். திருகாணி போட்டுக் கழுத்தை மாட்டும் சாதாரண பேஸை விட இதுக்கு விலை அதிகம். நண்பருடையது அந்த வகை. நாள் பூரா அதோட பெருமையைப் பேசுவார். குடமும் தண்டியுமாக மொத்தத்தையும் ஒரே மரத்தில் குடைகிற தஞ்சாவூர்க்காரரிடம் மட்டும் "மரம்தானே".

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு வாங்கிய முதல் இந்திய இசைக்கருவி அதுதான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குக் கிடைத்தது. 2023இல் நம்ம பக்கத்து மானாமதுரை கடத்துக்கும். மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி அம்மாளுக்கு சங்கீத நாடக அகாடமி விருதே கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாத்தான் நடக்குது. கடை வாசல்லதான் பாதி விலையில இருந்து ஆரம்பிக்கிறோம்.

இன்னொண்ணு. ஈட்டி மரம், தோதகத்தின்னும் சொல்வாங்க. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மரம். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் தட்டுப்பாடு வந்து, 1992இல் அதன் வியாபாரமே தடையான பிறகு, உலகத்தில் கிடார் செய்யும் பாதிப் பேர் விரல் பலகைக்கு நம்பியிருப்பது இந்த ஈட்டியைத்தான். 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தபோது கிடார் உலகமே பதறியது. 2019 கடைசியில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆக, நம்ம மலையில வளர்ந்த மரம், கப்பல் ஏறிப் போய், அங்கே ஒருத்தர் கைபட்டு, திரும்பி வந்தா பூட்டிக். இங்கேயே ஒருத்தர் கைபட்டா லோக்கல்.

சரி, பூட்டிக் பூட்டிக்னு கொண்டாடுறாங்களே, அது எப்படி ஆரம்பிச்சதுன்னு பார்த்தா சிரிப்பு வரும். 1969வாக்கில் கலிபோர்னியாவில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் சவுண்டு சாமான்களையும் கிடார்களையும் பிரிச்சுச் சரி பண்ணிக் கொண்டிருந்த கூட்டம்தான் அலெம்பிக். ரிப்பேர்ல ஆரம்பிச்சு, இதைவிட நாமளே செய்யலாமேன்னு பேஸ் செய்யத் தொடங்கினாங்க. ஸ்டான்லி கிளார்க் அதை வாசிச்சு உலகம் பூரா தெரிய வச்சார். ஆன்டனி ஜாக்சன் தனக்கு ஆறு கம்பி வேணும்னு கேட்டு, 1975இல் கார்ல் தாம்ப்ஸன்னு ஒருத்தர் செஞ்சு கொடுத்தார்.  கேட்டவன் ஒருத்தன், செஞ்சவன் ஒருத்தன், அவ்வளவுதான். 1983இல் புரூக்ளினில் ஃபோடெரா பட்டறை தொடங்கினப்பவும் அதே கதை. விக்டர் வூட்டன் கையில பாத்திருப்பீங்களே, அந்தப் பட்டறை. இவங்க யாருக்கும் முதல் நாள் பிராண்டு கிடையாது. முதல் நாள் எல்லாருமே லோக்கல்தான். அவங்க ஊர்ல இருந்த வாசிப்பாளிகள் "எங்க ஸ்டிக்கர்?"னு கேக்கலை. மாட்டி வாசிச்சுப் பார்த்தாங்க.

இங்கேயும் ஆள் இல்லாம இல்லை. ஆரோவில்லில் எரிசா நியோகி என்பவர் பல வருஷமாகக் கையால் கிடார் செய்கிறார். அவரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்னு நீங்களே உங்க வட்டத்துல கேட்டுப் பாருங்க. அதே வட்டத்துல அமெரிக்கப் பட்டறைப் பேர் கேளுங்க. மழை மாதிரி கொட்டும்.

இப்ப எதிர்க்கட்சிக்கு வருவோம். "அதெல்லாம் சரி, கையால செஞ்சா மட்டும் சத்தம் நல்லா வந்துருமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. வராது. இதை நான் ஒளிக்கப் போறதில்லை. உலகத்துல பேஸ் கிடார்னு வாசிச்ச நல்ல வாசிப்புல பெரும்பகுதி ஃபேக்டரியில செஞ்ச கிடார்லதான் வாசிச்சிருக்காங்க. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டதே சுலபமா, வேகமா, நிறைய செய்யணும்னுதான். கழுத்து போச்சா, நாலு திருகாணியைக் கழட்டு, வேற மாட்டு. மோட்டவுனில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962 மாடல் பிரிசிஷன். அறுந்தாலொழிய கம்பியை மாத்தவே மாட்டாராம். வலது கையில ஒத்தை விரல். அந்த ஒத்தை விரல்ல வந்ததை இன்னும் யாரும் தாண்டலை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஒரு 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸை வச்சுக்கிட்டு, மெட்டெல்லாம் எடுத்த விரல் பலகை மேல எபாக்ஸி பூசிக்கிட்டு வாசிச்சார். இவங்களுக்கு எந்தப் பூட்டிக்கும் தேவைப்படலை.

அப்ப கையால செஞ்சது எதுக்கு?

சொல்றேன். நாலு கம்பி பேஸ்ல கம்பிகள் இழுக்கிற இழுப்பு மொத்தம் 75 கிலோ கிட்ட வரும். பழைய கணக்குல ஒரு மூட்டை நெல்லு. அந்த மூட்டையை ராத்திரி பகலா கழுத்து மரம் தாங்கணும். எங்க ஊர் கத்திரி வெயில்ல ஒரு பக்கம் வளையும், ஐப்பசி அடைமழையில இன்னொரு பக்கம் வளையும். என்னிடம் முன்னாடி இருந்த கம்பெனி பேஸ் ஒவ்வொரு சித்திரைக்கும் கழுத்தைத் தூக்கும்; கம்பி மேலே ஏறிக்கும்; நான் உள்ளே ஓடுற இரும்புக் கம்பியைத் திருகித் திருகி நேராக்குவேன். எனக்குச் செய்து கொடுத்தவர் முதல் கேள்வியே "கிடாரை எங்க வைப்பீங்க? தார்சு வீடா, ஓட்டு வீடா?" என்பதுதான். மொட்டை மாடி ரூம், மேற்குப் பார்த்த ஜன்னல்னு சொன்னேன். தலையில கை வச்சுக்கிட்டார். தேக்கும் ஈட்டியும் அஞ்சு பட்டையா மாத்தி மாத்தி ஒட்டித்தான் கழுத்து. பட்டைகளை இழைச்சு, ரெண்டு மாசம் சும்மா போட்டு வச்சு, அது எப்படித் திரும்புதுன்னு பார்த்துட்டு மறுபடி இழைச்சார். தேக்குல எண்ணெய்ப் பசை, பசை பிடிக்காது, அதுக்குத் துடைச்சு ஒட்டணும்னு எனக்கு அப்பத்தான் தெரியும். உடம்பு பலா. மெட்டு 24. வீணைக்கும் 24தான்னு அவரே சொல்லிச் சிரிச்சார். அவர் ஃப்ரெட்டுன்னு சொல்ல மாட்டார், மெட்டுன்னுதான் சொல்வார். பிக்கப்பும் முறுக்காணியும் வெளியில வாங்கினது, அதையும் சொல்லிடறேன்.

ரெண்டு சித்திரை ஆயாச்சு. கழுத்து இன்னும் அப்படியே நிக்குது. உலகத்துலயே சிறந்த கழுத்துன்னு நான் சொல்லலை. மேற்குப் பார்த்த மொட்டை மாடி ரூமுக்குச் செஞ்ச கழுத்து. அதை எந்த கேட்டலாக்குலயும் போட மாட்டாங்க.

அதைவிடப் பெரிய கதை, கோவில் திருவிழாக் கதை. முதல் தடவை இந்த பேஸை எடுத்துக்கிட்டு எங்க ஏரியா அம்மன் கோவில் பொங்கலுக்கு வாசிக்கப் போனேன். மேடைக்குப் பின்னாடி ஜெனரேட்டர். சுத்தி சீரியல் செட்டு. எர்த்துன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத பிளக் பாயிண்ட். கிடாரை மாட்டினதும் ஹூம்ம்ம்ம்னு ஒரு இரைச்சல். நம்ம ஊர் கரண்டு ஒரு வினாடிக்கு 50 அதிர்வு. பேஸோட தடிக் கம்பியில ஜி ஸ்வரம் 49 அதிர்வு. அதாவது ஜி-யில பாட்டு வந்தா கிடார் எது, ஜெனரேட்டர் எதுன்னு கண்டுபிடிக்க முடியாது! அமெரிக்காவுல கரண்டு 60 அதிர்வு, அவங்களுக்கு இந்தத் தொல்லை வேற ஸ்வரத்துல. மறுநாள் போன் பண்ணிச் சொன்னேன். அடுத்த நாள் கச்சேரிக்கு மனுஷன் பஸ் ஏறி வந்துட்டார். மேடைக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கம் நின்னு ஒரு மணி நேரம் அந்த இரைச்சலை மட்டும் கேட்டார். பாட்டை இல்லை, இரைச்சலை. கிடாரைக் கையோட வாங்கிட்டுப் போய், உள் பள்ளம் முழுக்க செம்புத் தகடு ஒட்டி, வயரை எல்லாம் மறுபடி இழுத்து, பத்து நாள்ல திருப்பிக் கொடுத்தார். காசு வாங்கலை. "இது நான் விட்ட பிழை, ஊருக்குத் தகுந்த மாதிரி முதல்லயே செஞ்சிருக்கணும்"னார்.

இதுதாங்க கைவேலை. சத்தம் ஒரு படி ஒசத்திங்கறதுக்காக இல்லை. தப்பு நடந்தா அதை "என் பிழை"ன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கார்ங்கறதுக்காக. புரூக்ளின்ல இருக்கறவரும் நல்லவராத்தான் இருப்பார், கடிதம் போட்டா பதில் போடுவார். அவர் எங்க அம்மன் கோவில் ஜெனரேட்டர் பக்கம் வந்து நிப்பாரா?

இன்னொரு கட்சி இருக்கு. "பேஸ் சத்தம் எவனுக்குக் கேக்குது, அதுக்குப் போய் இம்புட்டுச் செலவா?" கட்சி. எங்க வீட்டம்மா இந்தக் கட்சியோட மாவட்டச் செயலாளர். கீபோர்டோட இடது கையே அந்த வேலையைப் பாத்துரும், தனியா ஒரு ஆளுக்கு பேட்டா எதுக்குன்னு மதுரையில பல குழுக்கள் பேஸ்காரரை எப்பவோ வீட்டுக்கு அனுப்பியாச்சு. அப்புறம் கீபோர்டுக்காரருக்கும் வேலை போய், டிராக்கைப் போட்டுப் பாடுற காலம் வந்தது தனிக்கதை.

பேஸ் கேக்காதுன்னு யாருங்க சொன்னது? பெரியார் நிலையத்துல இருந்து அவனியாபுரம் வர்ற ஷேர் ஆட்டோவுல உக்காந்து பாருங்க. சீட்டுக்கு அடியில ஊஃபர். ராஜா பாட்டு ஓடும். பாடகர் குரல் ரோட்டு இரைச்சல்ல கரைஞ்சு போயிருக்கும், வயலின் எல்லாம் காணாமப் போயிருக்கும், பேஸ் மட்டும் இடுப்பு எலும்புல ஏறும். பக்கத்துல கூடையோட உக்காந்திருக்கற அக்கா கால் கட்டை விரல் தாளம் போடும். அவங்ககிட்ட கேட்டா பேஸ்னா என்னான்னு தெரியாது. கட்டை விரலுக்குத் தெரியும். பண்ணைப்புரத்துல இருந்து கிளம்பிப் போன அந்த மனுஷர் தானே கிடார் வாசிக்கத் தெரிஞ்சவர். பேஸுக்குத் தனியா ஸ்வரம் எழுதி வாசிக்க வச்சார். அதை அவருக்கு வாசிச்ச சசிதரனை எத்தனை பேருக்குத் தெரியும்? ரகுமானுக்கு வாசிச்ச கீத் பீட்டர்ஸை? ஆலாப் ராஜுவைப் பாடகராத்தான் தெரியும், 2011இல் "கோ" பாட்டு வந்தப்ப. அவர் பேஸ் வாசிப்பவர்ங்கறது கூடுதல் தகவல் மாதிரி. வாசிச்சவங்க பேரே வெளியே வராத இடத்துல, வாசிச்ச கருவியைச் செஞ்சவர் பேரை யார் கேக்கப் போறா? ஸ்டிக்கர் தம்பி மேல கோவப்படறதுல நியாயம் இல்லைன்னு சொன்னது இதனாலதான்.

எங்க ஊர்ல ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? தை ஒண்ணாம் தேதி அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர். காளை வளர்க்கிறவன் வருஷம் பூரா பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, நீச்சல், நடைனு செலவழிக்கிறான். எதுக்கு? வாடிவாசல்ல இருந்து அது வெளியே பாயற அந்த அரை நிமிஷத்துக்கு. அவன்கிட்ட எவனாவது "இதுல என்ன லாபம்?"னு கேட்டுட்டு ஊருக்குள்ள நடமாட முடியுமா? காளை வந்ததும் மைக்குல முதல்ல சொல்றது என்ன? யாரு மாடுன்னுதான். எந்த ஊரு, யாரு வீட்டு மாடு. அது என்ன கம்பெனி மாடுன்னு எவனும் கேக்கறதில்லை. இவ்வளவு தெளிவா இருக்கற ஊர்க்காரங்க, மரத்துல செஞ்ச சாமான்னு வந்ததும் மட்டும் ஏன் இப்படி ஆயிடறோம்? (பேஸுக்கும் ரெண்டு கொம்பு உண்டு. மேல் கொம்பு நீளமா இருந்தாத்தான் தோள்ல தொங்கும்போது தலை கவிழாது. என்னுடையதை என் உயரத்துக்கு அளந்து வச்சது.)

சென்னை நண்பருக்கும் இதே காளைக் கணக்குதான் சொல்ல வேண்டியிருக்கு. அவர் அந்த அமெரிக்க பேஸை ஏ.சி. ரூம்ல கண்ணாடி அலமாரிக்குள்ள வச்சிருக்கார். ஈரப்பதம் பார்க்க ஒரு மீட்டர். வர்றவங்களுக்குக் காட்டுவார். தொட விட மாட்டார். ஒருமுறை மதுரையில் நண்பர் வீட்டு விசேஷம், நாலு பாட்டு வாசிக்கலாம் எடுத்துட்டு வாங்கன்னேன். "அங்க தூசி மாப்ள"ன்னார். வாடிவாசல் பார்க்காத காளையை வச்சுக்கிட்டு நானும் மாடு வளர்க்கிறேன்னு சொல்ல எப்படி மனசு வருது? அதைச் செஞ்ச அமெரிக்கக்காரன் இதைப் பார்த்தா அழுவான். அவன் கழுத்தைச் செதுக்கினது ஒரு கை வந்து பிடிக்கும்னு. அந்தக் கழுத்துல வியர்வை ஏறி, பின்பக்கம் பளபளன்னு தேயணும். என் பேஸ்ல மூணாவது மெட்டுக்குப் பின்னாடி அப்படி ஒரு இடம் தேஞ்சிருக்கு. கெடாவெட்டு விருந்து ஒண்ணுல யாரோ பெஞ்சைத் தள்ளி விட்டு கீழ் ஓரத்துல ஒரு சொட்டையும் விழுந்திருக்கு. முதல் நாள் தூக்கம் வரலை. இப்ப அந்தச் சொட்டையைத் தடவிப் பார்த்துக்கறது பழக்கமாப் போச்சு.

சரி, இந்தப் பதிவை எழுத வச்ச நிஜக் காரணத்துக்கு வர்றேன். ரிசப்ஷன் கதையை எனக்குச் செய்து கொடுத்தவரிடம் போன்ல சொன்னேன், சிரிப்பார்னு நினைச்சு. சிரிக்கலை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். ஒரு கடைக்காரர் வந்து பேசியிருக்கார். மாசம் இத்தனைன்னு கிடார் செஞ்சு கொடுங்க, தலையில ஒண்ணும் எழுத வேண்டாம், பேரை நாங்க ஒட்டிக்கறோம். ஏதோ வெளிநாட்டுப் பேர் மாதிரி ஒரு பேர் வச்சிருக்காங்களாம். காசு இப்ப வர்றதை விட நல்லாவே வரும். "பையன் காலேஜ் ஃபீஸ் இருக்கு. வருஷத்துக்கு மூணு பேருக்குச் செஞ்சு குடுத்து, அதுலயும் ரெண்டு பேரு முடிஞ்சப்புறம் பேரம் பேசறாங்க. எம் பேரு போட்டா விக்காது, அவங்க பேரு போட்டா விக்கும்னா, எம் பேரு எதுக்குங்க?"

எனக்குப் பதில் வரலை. என்ன சொல்வேன்? கலை, கைவினைனு நான் பேசலாம், ஃபீஸ் கட்டப் போறது அவர். ஆனா ஒண்ணு ஞாபகம் வந்து வயித்தைப் பிசைஞ்சுது. பேசினதுல கடைசி நாலாயிரத்தைக் குறைச்சுக்கக் கூடாதான்னு நானும்தான் கேட்டேன், பேஸ் தயாரான அன்னைக்கு. அவர் குறைச்சுக்கிட்டார். நண்பர் வீணைக் கடையில கண்ணடிச்சதை இவ்வளவு விஸ்தாரமா எழுதின நான், இதை எழுதாம விட்டா யோக்கியமா இருக்காது. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் நான்.

நாலாயிரத்தை நேத்து அனுப்பிட்டேன். எதுக்குன்னு கேட்டார். பழைய பாக்கின்னேன்.

அவர் பேர் என்னன்னு இங்கே எழுதணும்னுதான் ஆசை. இவ்வளவு கத்திட்டு பேரை மறைச்சா நல்லாவா இருக்கு? ஆனா அவர் வேண்டாம்னுட்டார். பேரைப் பார்த்துட்டு "ஃபோடெரா மாதிரியே ஒண்ணு பாஞ்சாயிரத்துல செஞ்சு தர முடியுமா"ன்னு ஆட்கள் வந்து நிப்பாங்களாம். முன்னாடி ஒருமுறை நடந்திருக்கு. அதுவும் பேரோட சேத்து ஸ்டிக்கரையும் போட்டுத் தரச் சொல்லி.

போன வாரம் பிக்கப்பைச் சரி பண்ணலாம்னு உள் மூடியைக் கழட்டினேன். செம்புத் தகட்டுக்குக் கீழே, மரத்துல, பென்சில்ல சின்னதா அவர் கையெழுத்தும் தேதியும் இருந்தது. ரெண்டு வருஷமா என் வயித்தோட ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, எனக்குத் தெரியலை. உடனே போன் போட்டு, இதைத் தலையில எடுத்துப் போடுங்க, வெட்டிப் பதிச்சே போடுங்க, கூலி நான் தர்றேன்னேன். முதல்ல மழுப்பினார். ஞாயித்துக்கிழமை காலையில போன் வந்தது.

"தலையில இடம் கம்மிங்க. தமிழ்ல போட்டா ஆறு எழுத்து வரும். சின்னதாத்தான் வெட்ட முடியும், பரவால்லையா?"

வர்ற வாரம் கிடாரை எடுத்துக்கிட்டுப் போறேன்.

பி.கு: கீபோர்டு தம்பி மறுபடி கேட்டார், ஸ்டிக்கர் வேணுமாண்ணேன்னு. பேர் பதிக்கக் குடுத்திருக்கேன்னேன். "எந்த கம்பெனிண்ணே?"ன்னார். வந்து பாருங்க தம்பின்னு சொல்லியிருக்கேன்.